இரைச்சல் போடுகிறவள்

படிவத்தில் 'மென்பொருள்' என்று எழுதுகிறேன்.
உண்மையில் நான் இரைச்சல் போடுகிறவள்.

லிம் சூ காங் சாலை முடிவதற்குச் சற்று முன்
ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு பேர், ஆறு ரேடார் திரை,
ஏர்கான் குளிருக்கு ஜாக்கெட்.
இந்தப் பக்கம் நானும்
ஆறிப்போன கோப்பி ஓ கோசோங்கும்.
எட்டரைக்கு அவர்களுக்கு ஒரு வானம் தருவேன்.
ஒன்பதுக்குள் அதைக் கெடுப்பேன்.

கெடுப்பதில் வகை உண்டு.
வெறும் இரைச்சல் மட்டமானது.
திரையின் நடுவிலிருந்து விளிம்புவரை
ஒரு வெள்ளை ஆப்பு விழும்,
அதற்குள் எது பறந்தாலும் தெரியாது.
ஆனால் கத்துகிறவன் எந்தத் திசையில் நின்று கத்துகிறான் என்று
அந்த ஆப்பே கைகாட்டிவிடும்.
ஹெர்மன் தியோ இரண்டாம் நாளே கேட்டான்,
"மறைக்கிறீங்களா மேடம், முகவரி தர்றீங்களா?"

அடுத்தது பொய் விமானங்கள்.
நாற்பது விடுவேன், ஒன்றுக்குத்தான் உடம்பு.
ஷஸ்லீன் அந்த ஒன்றை விரலால் தொட்டுவிட்டாள்.
எப்படி என்றேன்.
"உங்க பொய்யெல்லாம் ரொம்ப ஒழுங்காத் திரும்புது.
இதுதான் காத்துல கொஞ்சம் ஆடுது."
அன்றிரவு உட்கார்ந்து
முப்பத்தொன்பது பொய்களுக்கும் காற்று எழுதினேன்.

மூன்றாவது வகையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.
விமானத்தின் எதிரொலியை வாங்கி
அதே அளவில், அதன் மேலேயே திருப்பி அனுப்புவது.
பிறகு ஒரு பங்கு உரக்க.
தொடர்ந்து பார்க்கும் கருவி
உரக்கக் கேட்பதைப் பிடித்துக்கொள்ளும்.
பிடித்ததும் மெல்ல விலக வேண்டும்,
சந்தேகம் தட்டாத வேகத்தில்,
நொடிக்குக் கொஞ்சமாக.
வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்ச்
சட்டென்று வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
வெற்றிடத்தைப் பிடித்தபடி
கருவி நின்றுகொண்டிருக்கும்.

இதை எழுதி முடிக்க ஒரு மதியம்தான் ஆனது.
எப்படி இவ்வளவு சீக்கிரம் என்றார் மேலாளர்.
ஏழு வருடக் கல்யாணம் சார்
என்று சொல்லவில்லை.

பதினேழாம் பயிற்சியன்று எனக்குப் பல்வலி.
இடது கடைவாய்.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்,
இரைச்சல் கோப்பை ஏற்ற மறந்துவிட்டேன்.
துடைத்து வைத்த வானம்.
கடல் பக்கமிருந்து ஒரே ஒரு விமானம்,
நேராக.

காதொலிப்பானில் மூச்சுகள் மட்டும்.
"பொய்," என்றான் ஹெர்மன், "ரொம்பச் சுத்தமா இருக்கு."
ஷஸ்லீன் அலைவரிசையை மாற்றினாள். இருந்தது.
மறுபடி மாற்றினாள். அப்போதும் இருந்தது.
"புது வகை போல," என்றாள்.
புது வகை என்று ஆறு பேரும் குறித்துக்கொண்டார்கள்.
இந்தத் தீவைக் கடக்க மூன்று நிமிடச் சொச்சம்.
சுவா சூ காங் கல்லறைகளுக்கு மேலே,
என் புளோக்கில் மூங்கில் கழியில் காயும்
என் நைட்டிக்கு மேலே
அது பாட்டுக்குப் போனது.
யாரும் அதை அறிவிக்கவில்லை.

அறிக்கையில் 'பயன்படுத்திய இடையூறு' என்று ஒரு கட்டம்.
'ஒன்றுமில்லை' என்று நிரப்பினேன்.
மேலாளருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.
மாதம் ஒருமுறை இதை வையுங்கள் என்றார்.
வாயைத் திறந்தால் வலிக்கும் என்பதால்
தலையை மட்டும் ஆட்டினேன்.

மாலை, 975 பேருந்து, மேல் தளம்.
கைபேசியில் தொழில்நுட்பப் பிரிவு இளம்பரிதி:
பல் எப்படி இருக்கு.
கஞ்சி வாங்கி வச்சிருக்கேன், கீழ வாங்க.
அவ்வளவுதான்.
படம் இல்லை, சிரிப்புப் பொம்மை இல்லை.

இருமுறை படித்தேன்.
திரையை அணைத்துப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன்.
இருந்தது.
பதில் அனுப்பாமலே மூன்று நிறுத்தம் போய்விட்டது.
மழை கண்ணாடியில் சாய்ந்து அடித்தது.
நான்காவது நிறுத்தத்துக்கு முன்தான் கவனித்தேன்,
கஞ்சிக்கு 'ஞ்' போடாமல்
'ன்' போட்டிருக்கிறான்.